எந்தப் பூ மலர்ந்த பூ

நவம்பர் 18, செவ்வாய்

ஜர்னலிலிருந்து பதில் வந்துவிட்டது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ரிவியூவர் எழுதியிருப்பது இதுதான்: "இந்தக் கட்டுரையை மூன்று முறை படித்தேன். ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை. ஒரு பூ மலர்ந்துவிட்டது என்று எப்போது முடிவு செய்தீர்கள்? எல்லாவற்றையும் எளிமையாகத் திருப்பி எழுதுங்கள். உங்கள் துறை தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரிந்தால் எனக்கும் புரியும்."

பெரிய மனிதர்தான். மூன்று முறை படித்தாராம், புரியவில்லையாம். அது என் குற்றமா, அவர் குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மதுரை மல்லியை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை வெளியூருக்கு அனுப்ப முடியாது. நாங்கள் கண்டுபிடித்த கரைசலைத் தெளித்தால் மொட்டு இன்னும் ஒரு நாள் மொட்டாகவே இருக்கும். இதைத்தான் ஐந்து வருடமாகச் செய்தேன், இதைத்தான் இருபத்தொரு பக்கம் எழுதினோம்.

திருத்தி அனுப்ப ஜனவரி 12 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி முடிவோடு என் பிஎச்.டி. பதிவுக்காலமும் முடிகிறது. வாங்க வேண்டிய நீட்டிப்பையெல்லாம் வாங்கியாகிவிட்டது. இந்த பேப்பர் ஏற்கப்படாவிட்டால் தீசிஸ் கொடுக்க முடியாது. அப்புறம் நான் ஐந்து வருடம் பூ பார்த்தவள், அவ்வளவுதான்.

நவம்பர் 19, புதன்

நாச்சியப்பன் சாரிடம் காட்டினேன். என் கைடு. வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

"பேப்பர்னா ஒரு கனம் வேணும்மா. படிச்ச ஒடனே புரிஞ்சுட்டா, இவங்களுக்கு என்ன பெருசாத் தெரியும்னு நெனைச்சுருவான்."

"இப்ப இவருக்குப் புரியலைங்கறாரே சார்."

"சரி, கேக்குறான், குடுத்துத் தொலை. வாக்கியத்த ரெண்டா ஒடச்சுப் போடு. ஆனா முடிவுல கை வைக்காத."

முடிவில் நான் ஏன் கை வைக்கப் போகிறேன்? சார் சிவப்புப் பேனாவை எடுத்து என் காகிதத்தின் ஓரத்தில் 'ஒடுக்கவும்' என்று எழுதிக் கொடுத்தார். எதை ஒடுக்க வேண்டும் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

துறை தெரியாத ஒருவர் என்றால் வீட்டிலேயே இருக்கிறார். என் கணவர் கதிரேசன் மின்வாரிய அலுவலகத்தில் புகார் பிரிவில் இருக்கிறார். நாள் முழுக்க ஜனங்கள் சுற்றி வளைத்துச் சொல்வதைக் கேட்டு ஒரு வரியில் எழுதுவதுதான் அவர் வேலை. இட்லிக்கு மாவு ஆட்டப் போட்டுவிட்டு, பேப்பரை எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் பத்தியே இப்படி: மலர்வுச் செயல்பாட்டின் கால நீட்சியானது பயன்படுத்தப்பட்ட கரைசலின் செறிவினைச் சார்ந்து மேம்பட்ட நிலையில் அவதானிக்கப்பட்டது.

"நல்லாருக்கு" என்றார். கண் மூடியிருந்தது.

"ஏங்க, என்ன புரிஞ்சுச்சு, சொல்லுங்க பாப்போம்."

"ஏதோ நீண்டுருச்சுன்னு புரிஞ்சுச்சு."

கோபம் வந்தது. அப்புறம் நானே ஒரு முறை படித்தேன். ஏதோ நீண்டுவிட்டது என்றுதான் எனக்கும் புரிந்தது.

நவம்பர் 27, வியாழன்

இன்று நன்றாக ஓடியது. என்ன செய்தோம் என்ற பகுதியை எளிமையாக எழுதிவிட்டேன். கதிரேசன் கேட்டு, "இப்பச் சொல்ற பாரு, இது கதை மாதிரி இருக்கு" என்றார். அந்த இடத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன், எனக்கே பிடித்திருக்கிறது.

விடியற்காலை பறித்த மொட்டுகளைத் தட்டுகளில் பரப்பினோம். பாதித் தட்டுகளில் கரைசல் தெளித்தோம். மீதித் தட்டுகளில் வெறும் தண்ணீர். கரைசல் பட்ட கை, தண்ணீர்ப் பூவைத் தொட்டுவிடக் கூடாது. ஆகவே கரைசல் தட்டுகள் எல்லாவற்றையும் ஒருவரே கவனித்தார், தண்ணீர்த் தட்டுகளை இன்னொருவர் கவனித்தார். சாயங்காலம் அவரவர் தட்டில் மலர்ந்த பூக்களை அவரவர் எண்ணினோம்.

'மருந்து தொட்ட கை சாதாப் பூவைத் தொடக்கூடாது.' இது எங்கள் லேபின் சட்டம். சார் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மற்ற லேபில் எல்லாம் ஒரே ஆள் இரண்டையும் தொட்டு அசிங்கம் பண்ணுவார்கள், நாங்கள் அப்படி இல்லை. மருந்துப் பூ முழுக்க என் பொறுப்பு, சாதாப் பூ முழுக்க பெலிக்ஸ் பொறுப்பு. பெலிக்ஸ் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். இதே வேலையைக் காட்டி, சிவகாசிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கெட்டிக்காரன்.

டிசம்பர் 1, திங்கள்

மலர்ந்துவிட்டது என்று எப்போது முடிவு செய்தீர்கள்?

என்ன கேள்வி இது! எங்கள் பேப்பரில் 'முன்பு விவரிக்கப்பட்ட முறைப்படி' என்று போட்டு, சீனியர் ஒருவரின் பேப்பரைக் காட்டியிருந்தோம். அந்த முறையை எடுத்து எழுதிவிட்டால் போதும் என்று அதைத் தேடிப் படித்தேன். அதிலும் 'முன்பு விவரிக்கப்பட்ட முறைப்படி' என்றுதான் இருக்கிறது. அவர் காட்டியது அவருக்கு முந்தின சீனியரை. அவர் காட்டியது சாருடைய தீசிஸை. மத்தியானம் துறை நூலகத்தில் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி அதை எடுத்தேன். தும்மல் நிற்கவில்லை. தேடிய பக்கம் கிடைத்தது. அங்கே இருந்தது ஒரே வரி: மலர்ந்த பூக்கள் எண்ணப்பட்டன.

ஆக, யாரும் எங்கும் விவரிக்கவே இல்லை. எல்லோரும் பின்னால் கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறோம்.

சாரிடம் போய்க் கேட்டேன். "பூத்தா பூத்ததுதான்மா. இதுல எழுதறதுக்கு என்ன இருக்கு? பொம்பளப் பிள்ளை, பூவப் பாத்தா ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். எனக்குத் தெரியும். இதழ் எல்லாம் விரிந்து உள்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் அது மலர்ந்த பூ. நான் அப்படித்தான் எண்ணினேன். எழுதியும் விட்டேன். ஒரு வரிதான்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. விளக்கு ஏற்றினேன். வேலை ஓடவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

பெலிக்ஸுக்குப் போன் செய்தேன். சும்மா, ஒரு வரியைச் சரிபார்த்துக்கொள்ளத்தான். சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தான்.

"நுனி லேசா விட்டுக்குடுத்தாலே மலர்ந்ததுதான்க்கா. அதுக்கப்பறம் அத மொட்டுன்னு வாங்க மாட்டாங்கள்ல? எங்க மாமா திண்டுக்கல்ல பூக்கடை வச்சிருக்காரு, அவரு அப்படித்தான் பிரிப்பாரு. நீங்களும் அப்படித்தான எண்ணுனீங்க?"

"ஆமா ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவன் வேலை நிரந்தரமாக வேண்டும் என்றால் இந்த பேப்பர் வெளிவர வேண்டுமாம். கல்லூரியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். "ஒங்களத்தான்க்கா நம்பி இருக்கேன்" என்றான். அவன் அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வைத்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். பின்பக்கம்கூட.

டிசம்பர் 10, புதன்

பரண் சுத்தம் செய்தேன். ஒரு நல்ல டிபன் கேரியர் கிடைத்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

ஒளித்து வைத்துப் பயனில்லை என்று அவரவர் முறையை அவரவருக்கு எழுதிவிட்டேன். எளிமையாக எழுதச் சொன்னால் எளிமையாக எழுத வேண்டியதுதானே. கரைசல் தட்டுகளில், இதழ்கள் முழுவதும் விரிந்த பூக்களை எண்ணினோம். தண்ணீர்த் தட்டுகளில், நுனி பிரிந்த பூக்களை எண்ணினோம். கரைசல் தட்டுகளில் மலர்ந்தவை குறைவாக இருந்தன. ஆகவே கரைசல் மலர்வதைத் தாமதப்படுத்துகிறது.

கதிரேசன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் வாசித்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"ஏன் அரசி, அவன் நுனி விட்டா எண்ணுறான். நீ முழுசா விரிஞ்சாத்தான் எண்ணுற. அப்ப ஒன்னோடது கொறச்சலாத்தான இருக்கும்? மருந்து எதுக்கு?"

நான் சண்டை போட்டேன். புள்ளியியல் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டேன். ஐந்து வருடமாக வீட்டில் ஒருவர்கூட என் வேலையை மதித்ததில்லை என்று சொன்னேன். அவர் வெங்காயத்தை உரித்து முடித்தார். அவருக்குக் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். வெங்காயம் காரமான வெங்காயம்.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. பனிக்குப் பூ வரத்தே இல்லை. திருப்பி ஒரு முறை செய்து பார்க்கலாம் என்றால் தட்டு நிரப்பப் பூ கிடைக்காது. சித்திரை வரை காத்திருக்க வேண்டும். சித்திரையில் நான் மாணவியாக இருக்க மாட்டேன்.

அதனால் செய்து பார்க்க முடியாது. முடியாததற்கு நான் என்ன செய்வது?

போனில் படங்கள் இருக்கின்றன. எண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் மேலிருந்து படம் எடுப்போம், தீசிஸில் நாலு படம் போட வேண்டும் என்பதற்காக. எல்லாத் தட்டும் இருக்கிறது. பெலிக்ஸ் தட்டும் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் தெரியும். சும்மா எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 22, திங்கள்

எண்ணினேன்.

கதிரேசன் ஆபீஸ் போனதும் உட்கார்ந்தேன். எது யார் தட்டு என்று தெரியாதபடி படங்களைக் கலைத்துப்போட்டு, முதலில் என் முறையில் எல்லாத் தட்டையும் எண்ணினேன். அப்புறம் பெலிக்ஸ் முறையில் எல்லாத் தட்டையும் எண்ணினேன். மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டது.

என் முறையில் எண்ணினால் இரண்டு வகைத் தட்டிலும் கொஞ்சமாக மலர்ந்திருக்கிறது. பெலிக்ஸ் முறையில் எண்ணினால் இரண்டு வகையிலும் நிறைய மலர்ந்திருக்கிறது. கரைசலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் இல்லை. அங்கங்கே ஒன்றிரண்டு பூ கூடக் குறைய இருக்கிறது. அவ்வளவுதான்.

இத்தனை நாளாக நான் மருந்தை அளக்கவில்லை. என் கண்ணையும் பெலிக்ஸ் கண்ணையும் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

இதை எழுதியபிறகும் நம்ப முடியவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. பெலிக்ஸ் ஒழுங்காக எண்ணினான். நான் ஒழுங்காக எண்ணினேன். சார் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் கையைப் பிரித்தார். எல்லோரும் ஒழுங்காக இருந்து இது எப்படி நடந்தது? எங்கே பிடித்து அழுவது என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் அழுதேன்.

டிசம்பர் 24, புதன்

பண்டிகைக்கு முதல் நாள் பெலிக்ஸிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்து, கடைசியில் சொல்லிவிட்டேன். போனில் அவனுக்குப் பின்னால் யாரோ ஸ்டார் கட்டுவதற்கு ஏணி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் வேணும்னு செய்யலக்கா."

"தெரியும்டா. நானும்தான்."

"யாருக்கும் தெரியாதுல்லக்கா. இது வரைக்கும் தெரியலைல்ல?"

அது கேள்வியா, வேண்டுதலா என்று எனக்குப் புரியவில்லை. ஹேப்பி கிறிஸ்துமஸ் சொல்லிவிட்டு வைத்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி

சாரிடம் சொன்னேன். போனிலேயே படங்களைக் காட்டினேன். ஒன்றொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கண்ணாடி நெற்றியில் இல்லை, மூக்கில் இருந்தது.

"யாரும்மா ஒன்னய இத எண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பேனாவை மூடித் திறந்தார். அப்புறம் சொன்னார்: "பழைய பேப்பர் அப்படியே இருக்குல்ல? வேற ஒரு ஜர்னல் சொல்றேன், அதுக்கு அனுப்பு. பத்து நாள்ல போட்டுருவான், ஒரு கேள்வி கேக்க மாட்டான். நீ டாக்டர் ஆயிரு. அந்தப் பய வேலையும் நிக்கும். நானும் மரியாதையா வீட்டுக்குப் போறேன்."

"இந்த ஜர்னலுக்கு என்ன சார் பதில் எழுத?"

"அதுக்கு எழுதறதுன்னா என் பேர எடுத்துரு."

கைடு பேர் இல்லாத பேப்பரைத் தீசிஸுக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஜன்னலை எதற்குச் சாத்தினார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே யாருமே இல்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

எழுத வெட்கமாக இருக்கிறது. சார் சொன்ன ஜர்னலுக்கே அனுப்பிவிடலாம் என்று இன்று உட்கார்ந்தேன். ஒரு ஜர்னலுக்குக் கொடுத்த பேப்பரையே எழுத்து மாறாமல் இன்னொன்றுக்கு அனுப்பப் பயமாக இருந்தது, கொஞ்சம் மாற்றிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். சரி, எளிமையாக எழுதியதையெல்லாம் பழையபடி கனமாக்குவோம் என்று ஆரம்பித்தேன். இதுதான் எனக்குக் கைவந்த வேலையாயிற்றே.

வரவில்லை. 'மலர்வு விழுக்காடு கணக்கிடப்பட்டது' என்று எழுதினால், யார் கணக்கிட்டது என்று உள்ளே ஒருவர் கேட்கிறார். 'கணிசமான தாமதம்' என்று எழுதினால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார். சாயங்காலம் வரை உட்கார்ந்து அரைப் பக்கம். அதையும் அழித்துவிட்டேன்.

நான் நல்லவள் என்பதால் இல்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி எழுத எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். இது நேர்மையா, சோம்பேறித்தனமா என்று கதிரேசனிடம் கேட்டேன். "எதா இருந்தா என்ன, சாப்புட வா" என்றார்.

ஜனவரி 5, திங்கள்

எழுதி முடித்தேன். இருபத்தொரு பக்கம் ஆறு பக்கமாகிவிட்டது. முதல் வாக்கியம்: இந்தக் கரைசல் மல்லிகை மலர்வதைத் தாமதப்படுத்தவில்லை. அடுத்தது: தாமதப்படுத்துவதாக நாங்கள் நினைத்ததற்குக் காரணம், இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணியதுதான். இனி இந்த வேலையைச் செய்ய வருகிறவர்களுக்காக, எது மொட்டு, எது நுனி பிரிந்தது, எது மலர்ந்தது என்று படத்தோடு விளக்கியிருக்கிறேன்.

பெலிக்ஸிடம் போனில் முழுவதும் வாசித்தேன். "என் பேரு இருக்கட்டும்க்கா" என்றான். அப்புறம், "இங்க வேற ஏதாவது சொல்லிக்கிறேன்" என்றான். என்ன சொல்லிக்கொள்வான், பாவம்.

கதிரேசன் கடைசி வரி வரை கண் மூடவில்லை. "கல்யாணமான நாள்லேருந்து நீ என்ன வேலை பாக்குறன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது" என்றார். அந்த வேலை இல்லை என்று ஆனபிறகு.

ஒரே ஒரு வரியை மட்டும் பழைய மாதிரி விட்டுவைத்தேன். 'தட்டுகள் இருவருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன.' சுவரில் ஒட்டிய சட்டத்தைப் பற்றியோ, யார் ஒட்டினார் என்பது பற்றியோ எதுவும் எழுதவில்லை. மே மாதம் வீட்டுக்குப் போகிறவர். அவருக்கு நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

பிரின்ட் எடுத்து சார் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். சார் பேரை நான் எடுக்கவில்லை. அவரே அடித்துக் கொடுக்கட்டும். அவர் அறையில் இல்லை. இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன்.

ஜனவரி 7, புதன்

சார் கூப்பிடவில்லை.

ஜனவரி 8, வியாழன்

லேபில் என்னைக் கடந்துதான் போனார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. பதிவுக்காலம் முடிந்தபிறகு என்ன செய்யலாம் என்று யோசித்தேன். டியூஷன் எடுக்கலாம். கதிரேசனின் தங்கை மகளுக்கு வேதியியல் வரவில்லையாம்.

ஜனவரி 9, வெள்ளி

காலையில் போனால் என் இருக்கையில் அந்த ஆறு பக்கமும் கிடந்தது. முதல் பக்கத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஓரங்களில் ஒன்றுமில்லை. 'ஒடுக்கவும்' இல்லை, 'கனம் போதாது' இல்லை. சிவப்பு மை பட்டிருந்தது ஒரே ஓர் இடத்தில். 'தட்டுகள் இருவருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன' என்ற வரியின் அடியில் கோடு.

ஓரத்தில் சாரின் கையெழுத்து: "தெளிவாக இல்லை. யார் பிரித்துக் கொடுத்தது?"

அதற்குக் கீழே, அவரே நிதானமாக எழுதியிருந்தார்: "தட்டுகளை நாச்சியப்பன் பிரித்துக் கொடுத்தார். ஒருவரே இரண்டையும் எண்ணியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. அப்படி எண்ணக் கூடாது என்பது அவர் போட்ட விதி."

முதல் பக்கத்தைத் திருப்பினேன். மூன்று பெயர்களும் இருந்தன. எதையும் அடிக்கவில்லை.

அவர் அறைக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. லேபுக்கு வந்தேன். சுவரில் அந்தச் சட்டம் ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜனவரி 12, திங்கள்

சார் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் சேர்த்து அனுப்பிவிட்டேன். ஏற்பார்களா என்று தெரியாது. மாத முடிவுக்குள் பதில் வருமா என்றும் தெரியாது. ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பது மட்டும் இந்த முறை அந்த ரிவியூவருக்குத் தெரிந்துவிடும்.